பூச்சி மருந்தும் ஊர் ஒற்றுமையும்



தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஆதனக்கோட்டை நெருங்குவது கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் தெரியும். முந்திரிக்கொட்டை வறுக்கிற வாசனை வந்துவிடும். செம்மண்ணும் சரளையும் உள்ள நம்ம மாவட்டத்தில் தண்ணீர் அதிகம் கேட்காத மரம் முந்திரி. பூவெடுக்கிற காலத்தில் தேயிலைக் கொசு என்கிற பூச்சி வந்து தளிரையும் பூங்கொத்தையும் குத்திச் சாறெடுத்துவிட்டால், அந்த வருஷத்து மகசூல் போச்சு. இது முந்திரி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இந்தப் பூச்சியிலிருந்துதான் இன்றைய பேச்சு தொடங்குகிறது. இதைக் கொல்லத் தெளித்த ஒரு நஞ்சு கேரளத்தில் பல கிராமங்களை முடக்கிப் போட்டது. அந்தக் கிராமங்கள் தனியாகக் கத்தியபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியூர்க்காரர்கள், வெளி மாநிலத்தார், வெளிநாட்டார் என்று ஒவ்வொருவராகக் கை கொடுத்த பிறகுதான் கதவு திறந்தது. அந்த வரலாற்றைத்தான் சொல்ல வந்தேன்.

ஹெலிகாப்டரில் வந்த நஞ்சு

கேரளத்தின் வடகோடியில் இருக்கிறது காசர்கோடு. அங்கே அரசாங்கத்தின் தோட்டக் கழகத்துக்கு 4,500 ஹெக்டேருக்கு மேல் முந்திரித் தோப்பு. தேயிலைக் கொசுவை ஒழிக்க, 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000-ஆம் ஆண்டு வரை, வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். தோப்பு மேட்டில் இருக்கிறது. வீடுகள் பள்ளத்தில், சரிவில் இருக்கின்றன. மேலே தெளித்தது காற்றில் வந்து கூரையில் இறங்கியது. மழை பெய்தால் ஓடைக்கும் கிணற்றுக்கும் வந்தது.

முதலில் தேனீயும் மீனும் செத்தன. பிறகு கன்றுக்குட்டிகள் கால் வளைந்து பிறந்தன. ஸ்ரீ பத்ரே என்பவர் அந்தப் பகுதி விவசாயி, பத்திரிகையாளரும்கூட. அவர் 1980-களின் தொடக்கத்திலேயே இதைப் பற்றி எழுதினார். அப்புறம் மனுஷப் பிள்ளைகளுக்கும் வந்தது: மூளை வளர்ச்சிக் குறைவு, வலிப்பு, கைகால் ஊனம், தோல் நோய். மோகன் குமார் என்ற டாக்டர் அந்தக் கிராமங்களில் வைத்தியம் பார்த்தவர். இத்தனை சின்ன இடத்தில் இத்தனை பேருக்கு ஒரே மாதிரி நோய் ஏன் என்று கேட்டு எழுதினார். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

வேளாண்மைத் துறையிலேயே வேலை பார்த்த லீலாகுமாரி அம்மா என்பவர் 1998-இல் கோர்ட்டுக்குப் போனார். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஒரு பெண், அரசாங்கத் தோட்டத்துக்கு எதிராக வழக்குப் போடுவது லேசான காரியமா? மிரட்டல் வந்தது. அசையவில்லை. 2000-ஆம் ஆண்டில் ஹெலிகாப்டர் தெளிப்புக்குக் கோர்ட் தடை போட்டது.

ஆனால் அது ஒரு தாலுகாவில் கிடைத்த தீர்ப்பு. மருந்து கம்பெனிகள், "எண்டோசல்பானால்தான் நோய் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டன. நியாயமாகப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல ஆய்வுக்கூடம் வேண்டும், விஞ்ஞானி வேண்டும், பணம் வேண்டும். கூலிக்கு முந்திரி பொறுக்குகிற குடும்பம் இதற்கெல்லாம் எங்கே போகும்?

கை கொடுத்தவர்கள்

இங்கேதான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். திருவனந்தபுரத்தில் 'தணல்' என்று ஓர் அமைப்பு. நம்ம பக்கம் தணல் என்றால் கங்கு; மலையாளத்தில் நிழல் என்று பொருள். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். டில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2001-இல் அந்த ஊர் ரத்தம், பால், தண்ணீர், மண் எல்லாவற்றையும் சோதித்து, எண்டோசல்பான் இருக்கிறது என்று சொன்னது. வேறொரு ஆய்வுக்கூடம் அப்படி ஒன்றும் இல்லை என்றது. மனித உரிமை ஆணையம் தலையிட்டது. ஆமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் நேரில் வந்து, பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்து, நோய்க்குக் காரணம் எண்டோசல்பானாக இருக்கலாம் என்று 2002-இல் அறிக்கை கொடுத்தது. அதற்குப் பின்னால் வந்த சில அரசுக் குழுக்கள் தொடர்பு நிரூபணமாகவில்லை என்றும் எழுதின. ஆக, சண்டை முடியவில்லை.

இதற்குள் கேரளத்தில் அந்த மருந்துக்குத் தடை வந்தது. ஆனால் பாருங்கள், கேரளத்தில் நின்றுபோன மருந்து நம் தமிழ்நாட்டுக் கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருந்தது. நம்மில் எத்தனையோ பேர் கடலைக்கும் பருத்திக்கும் அடித்திருக்கிறோம். ஒரு கண்மாயில் ஒரு மடையை மட்டும் அடைத்தால் தண்ணீர் அடுத்த மடையில் போகும். நஞ்சு வியாபாரமும் அப்படித்தான். பக்கத்து மாநிலமும் பக்கத்து நாடும் சேர்ந்து அடைக்காவிட்டால் பிரயோசனம் இல்லை.

பினாங்கில் கூடிய கூட்டம்

இந்த உண்மையைக் கண்டுகொண்டவர்கள் 1982-இல் மலேசியாவிலுள்ள பினாங்கில் கூடினார்கள். பல நாட்டுச் சுற்றுச்சூழல் சங்கங்களும் நுகர்வோர் சங்கங்களும் சேர்ந்து ஒரு வலைப்பின்னல் அமைத்தார்கள். அதன் சுருக்கப் பெயர் 'பான்'. பணக்கார நாடுகளில் தடை செய்த நஞ்சு ஏழை நாடுகளுக்குக் கப்பலேறி வருகிறதே, இதைத் தடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய முதல் கவலை. 1985-இல் ஆகாத மருந்துகள் என்று 12-ஐப் பட்டியல் போட்டு உலகம் முழுக்க ஒரே நேரத்தில் பிரசாரம் செய்தார்கள். டி.டி.டி., எண்டிரின், பாரத்தியான், பி.எச்.சி., பாராகுவாட் எல்லாம் அதில் இருந்தன.

பெரியவர்களுக்கு இந்தப் பெயர்களெல்லாம் ஞாபகம் இருக்கும். பி.எச்.சி. தூளைத் துணியில் கட்டி வயலில் உதறியவர்கள் நம் ஊரில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதை 1997-இல்தான் நம் நாட்டில் முழுக்க நிறுத்தினார்கள். பாரத்தியான் கதை இன்னும் பழசு. 1958-இல் அது உணவுப் பண்டத்தில் கலந்துபோய், கேரளத்திலும் அன்றைய சென்னை ராஜ்யத்திலும் பலர் விஷம் ஏறிப் பாதிக்கப்பட்டார்கள். 100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்ததுதான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்ததே, அதுவும் பூச்சி மருந்து செய்கிற ஆலைதான். ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அதனால்தான் டிசம்பர் 3-ஆம் தேதியைப் பூச்சிக்கொல்லி இல்லா நாளாக அந்த வலைப்பின்னல் அனுசரிக்கிறது.

பினாங்கு என்றதும் நம்ம ஊர்க்காரர்களுக்கு வேறொரு நினைவும் வரும். சயாம், மலேயா என்று கப்பலேறிப் போனவர்கள் இந்தப் பக்கத்தில் கொஞ்சமா? அப்படிப் போனவர்களின் பேத்திகள் அங்கே ரப்பர் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்தார்கள். பாராகுவாட்தான் அதில் முக்கியம். நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, கண் எரிந்தது. ஐரீன் பெர்னாண்டஸ் என்ற அம்மையார் நடத்திய 'தெனாகனித்தா' என்ற பெண்கள் அமைப்பும் 'பான்' அமைப்பும் சேர்ந்து, அந்தப் பெண்களைக் கேட்டு எழுதி 2002-இல் வெளியிட்டார்கள். அந்த ஆண்டே மலேசிய அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006-இல் அந்தத் தடையை நீக்கியது. விட்டுவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததில், 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முழுத் தடை வந்தது. 18 வருஷம்! ஒரு பிள்ளை பிறந்து ஓட்டுப் போடுகிற வயசு.

இலங்கையிலும் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே பூச்சி மருந்தைக் குடித்துச் சாகிறவர்கள் அதிகம். 1995-இல் மோனோகுரோட்டோபாஸ் முதலிய கொடிய மருந்துகளையும், 1998-இல் எண்டோசல்பானையும், பிறகு பாராகுவாட்டையும் படிப்படியாக நிறுத்தினார்கள். அடுத்த 20 வருஷத்தில் தற்கொலை மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. நெல் விளைச்சல் அதனால் குறைந்துவிடவில்லை. கோபத்தில், மனக்கஷ்டத்தில் கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் கொடும் விஷம் இல்லை. அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். வீட்டில் பரணில் டப்பா வைத்திருக்கிற நாம் இதை யோசிக்க வேண்டும்.

ஜெனீவாவில் முடிவு

காசர்கோட்டுக்கு வருவோம். கேரளத்துக் கணக்கு தணல் மூலமாக 'பான்' அமைப்புக்குப் போனது. ஆப்பிரிக்காவில் பெனின் என்ற நாட்டில் 1999-2000 பருத்திப் பருவத்தில் எண்டோசல்பானால் பலர் இறந்த விவரம் அந்த வழியாக இங்கே வந்தது. காசர்கோட்டுத் தாயின் சாட்சி பெனின் நாட்டு விவசாயிக்கு உதவியது. அவன் சாட்சி இவளுக்கு உதவியது. மண்ணில் மக்காமல் நெடுநாள் தங்குகிற நஞ்சுகளை ஒழிக்க ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை என்று ஒன்று உண்டு. அதில் எண்டோசல்பானைச் சேர்க்க வேண்டும் என்று எல்லா நாட்டுச் சங்கங்களும் ஒரே குரலில் கேட்டன.

அதற்கு அதிகம் தயங்கிய நாடு நம் நாடுதான். உலகத்திலேயே அந்த மருந்தை அதிகம் செய்ததும் அதிகம் அடித்ததும் நாம்தானே. 2011 ஏப்ரலில் ஜெனீவாவில் கூட்டம். இங்கே திருவனந்தபுரத்தில் முதலமைச்சர் அச்சுதானந்தன் ஏப்ரல் 25-இல் உண்ணாவிரதம் இருந்தார். ஏப்ரல் 29-இல் எண்டோசல்பானை உலகம் முழுக்கப் படிப்படியாக நிறுத்துவதென்று ஜெனீவாவில் முடிவானது. சில பயிர்களுக்குக் கால அவகாசம் கேட்டுக்கொண்டு இந்தியாவும் சம்மதித்தது. இரண்டு வாரம் கழித்து, மே 13-இல், கேரளத்து வாலிபர் சங்கம் போட்ட மனுவின் பேரில் சுப்ரீம் கோர்ட் நாடு முழுக்க இடைக்காலத் தடை விதித்தது. நம்ம ஊர்க் கடையிலிருந்து அந்த டப்பா மறைந்தது அப்போதுதான்.

பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2017 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. அந்தப் பணத்துக்கும் பிறகு பல வருஷம் தாய்மார்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருந்தது. ஜெயித்த சண்டையிலும் இழந்தது இழந்ததுதான்.

கீரனூர்ப் பக்கம்

இதெல்லாம் எங்கேயோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். நம் கீரனூர்ப் பக்கம் ஓடுகம்பட்டியில் 'கொழுஞ்சி' என்று ஒரு பண்ணை இருக்கிறது. 'குடும்பம்' என்ற தொண்டு அமைப்பு நடத்துவது. தரிசாகக் கிடந்த சரளை மண்ணில் மரம் வைத்து, மழைத் தண்ணீரைத் தேக்கி, ரசாயனம் இல்லாமல் பயிர் செய்து காட்டிய இடம். கொழுஞ்சி என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? உழவுக்கு முன்னால் மடக்கி உழுகிற நம் பழைய தழையுரச் செடி. இயற்கை வேளாண்மை விஞ்ஞானி நம்மாழ்வார் ஐயா இந்த அமைப்போடு சேர்ந்து இந்த மண்ணில் உழைத்தவர். கோவில்பட்டி அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் உத்தியோகம் பார்த்து, அதை உதறிவிட்டு வந்தவர். 2013 டிசம்பர் 30-இல் பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் காலமாகும் வரை ஊர் ஊராக நடந்தார்.

காசர்கோட்டில் நஞ்சை எதிர்த்த அதே தணல் அமைப்புதான் பிறகு 'நமது நெல்லைக் காப்போம்' என்ற இயக்கத்தை நடத்தியது. அதில் சேர்ந்து உழைத்தவர் திருத்துறைப்பூண்டி 'நெல்' ஜெயராமன். 2006-இல் ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா தொடங்கினார். 2 கிலோ பாரம்பரிய நெல் வாங்கிப் போனால் அடுத்த வருஷம் 4 கிலோ திருப்பித் தர வேண்டும். 2018-இல் அவர் மறைவதற்குள் 174 ரகம் மீண்டும் வயலுக்கு வந்தது. ஒருவர் நஞ்சை நிறுத்தச் சொன்னார். ஒருவர் நஞ்சு கேட்காத விதையைக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்தால்தான் விவசாயிக்கு வழி.

வேப்பமரக் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேப்பெண்ணெயால் பயிரில் பூசணத்தைத் தடுக்கிற முறை தனக்கே சொந்தம் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி 1994-இல் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கியது. நம் நாட்டு வந்தனா சிவா, ஐரோப்பாவின் பசுமைக் கட்சிப் பெண்மணி ஒருவர், உலக இயற்கை விவசாயச் சங்கம் மூன்று தரப்பும் சேர்ந்து வழக்காடினார்கள். 2000-இல் அது ரத்தானது. 2005-இல் மேல்முறையீடும் தள்ளுபடி. நம் வீட்டு வாசல் வேம்பு நம்மிடமே இருக்கிறது.

பூச்சிக்கு என்ன பதில்?

"மருந்தை நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள், பூச்சிக்கு யார் பதில் சொல்வது?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும். கடன் வாங்கிப் போட்ட கடலையில் சுருள் பூச்சி விழுந்தால் வயிறு எரிகிறவர் நீங்கள்தான்.

இந்தோனேசியாவில் நெல்லுக்கு மருந்து அடிக்க அடிக்கப் புகையான் கூடிக்கொண்டே போயிற்று. காரணம், புகையானைத் தின்கிற சிலந்தியையும் மற்ற நல்ல பூச்சிகளையும் மருந்து முதலில் கொன்றுவிட்டது. 1986-இல் அந்த அரசு நெல்லுக்கு அடிக்கிற 57 மருந்துகளைத் தடை செய்தது. கூடவே விவசாயிகளுக்கு வயல்வெளிப் பள்ளி வைத்து, எது நல்ல பூச்சி, எது கெட்ட பூச்சி என்று கற்றுக்கொடுத்தது. விளைச்சல் விழவில்லை. தெலங்கானாவில் கம்மம் பக்கம் புனுகுலா என்ற பருத்திக் கிராமம். மகளிர் குழுக்களே முன்நின்று, வேப்பங்கொட்டைக் கரைசல், பொறிப்பயிர் என்று மாறி, 2004-க்குள் ஊரையே பூச்சிக்கொல்லி இல்லாத ஊராக்கின.

எதிர்ப்பாடமும் உண்டு. இலங்கையில் 2021-இல் ரசாயன உரம், மருந்து எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் நிறுத்தினார்கள். விவசாயிக்குப் பயிற்சி இல்லை, தழையுரம் இல்லை. விளைச்சல் சரிந்து, ஏழே மாதத்தில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். கொடிய நஞ்சைத் தடை செய்வது வேறு. விவசாயியை அந்தரத்தில் விடுவது வேறு.

இப்போது நாம் செய்ய வேண்டியது

எண்டோசல்பான் போனதும் ஆபத்து போய்விடவில்லை. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த கூலிக்காரர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். நமக்குப் பக்கத்துப் பெரம்பலூரிலும் அதே வருஷம் சாவு விழுந்தது. யவத்மால் குடும்பங்களுக்காக 'பான்' இந்தியக் கிளையும் சுவிட்சர்லாந்து அமைப்பு ஒன்றும் சேர்ந்து, மருந்து கம்பெனியின் சொந்த நாட்டிலேயே 2020-இல் புகார் கொடுத்தன.

2018-இல் மத்திய அரசு 18 மருந்துகளுக்குத் தடை உத்தரவு போட்டது. அதில் 12 உடனே, 6 பிறகு. 2023-இல் டைக்கோபால், டினோகாப், மெத்தோமில் மூன்றும் போயின. 2023 தொடக்கத்தில் நம் தமிழக அரசு மோனோகுரோட்டோபாஸ், அசிபேட், புரொபனோபாஸ், குளோர்பைரிபாஸ் உள்ளிட்ட 6 மருந்துகளை 60 நாளைக்கு நிறுத்தியது. எலிப் பசையை நிரந்தரமாகத் தடை செய்தது. ஏன் 60 நாள்? பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி மாநில அரசுக்குத் தற்காலிகமாக நிறுத்தத்தான் அதிகாரம். நிரந்தரத் தடை டில்லியில்தான் வர வேண்டும். அதனால்தான் ஒரு மாவட்டத்துச் சங்கத்துக்கு இன்னொரு மாநிலத்துச் சங்கத்தின் துணை தேவைப்படுகிறது.

உங்கள் அளவில் செய்யக்கூடியவை சில உண்டு. டப்பாவில் சாய்சதுரக் குறி இருக்கும். சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சிவப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். எது வாங்கினாலும் பில் கேளுங்கள். காற்றுக்கு எதிராக நின்று அடிக்காதீர்கள். அடித்தவருக்குத் தலைசுற்றல், வாந்தி, கண்மணி சுருங்குதல் கண்டால் உடனே சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, 108-க்குச் சொல்லுங்கள். டப்பாவையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் முறிவு கொடுக்க முடியும்.

முக்கியமானது இன்னொன்று. நடந்ததை எழுதி வையுங்கள். எந்தத் தேதி, எந்த மருந்து, எந்த வயல், யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதினால் போதும். மாடு செத்தாலும் எழுதுங்கள், தேனீ செத்தாலும் எழுதுங்கள். கிராம சபையில் படியுங்கள், வேளாண்மை அலுவலரிடம் ஒரு நகல் கொடுங்கள், பக்கத்து ஊர் உழவர் குழுவிடமும் சொல்லுங்கள். காசர்கோட்டில் கன்றுக்குட்டி கால் வளைந்து பிறந்ததை ஒருவர் எழுதி வைத்தார். ஜெனீவா வரை போன வழக்கின் முதல் வரி அதுதான்.